ஹெக்கல் ஆவணப்படம்: இன்னும் 16,500 யூரோ தேவை

அன்பான உறவுகளே,

ஜேர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பற்றிய தமிழ் ஆவணப்படத்தில் யேனா நகரத்தில் எடுக்கவேண்டியதையெல்லாம் எடுத்து முடித்துவிட்டோம். அவர் கட்டிய மெடூசா இல்லம், அவர் நிறுவிய அருங்காட்சியகம், அதன் கூரையில் இருக்கும் ஜெலி மீன் ஓவியங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. மிச்சம் இருப்பவை இரண்டு கடற்கரைகள்: இத்தாலியின் மெசினா, இலங்கையின் வெலிகம. நீங்கள் முன்பு தந்த 21,500 யூரோ யேனாவோடு தீர்ந்துவிட்டது. அதனால்தான் மறுபடியும் கை நீட்டுகிறோம்.

யார் இந்த ஹெக்கல் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1834இல் பொட்ஸ்டாமில் பிறந்தவர். தகப்பனார் விரும்பினார் என்று மருத்துவம் படித்தார். மனம் என்னவோ கடலில்தான் இருந்தது. 1859இல் கவிஞர் ஹெர்மன் அல்மர்ஸோடு இத்தாலியைச் சுற்றித் திரிந்தபோது, விஞ்ஞானத்தைக் கைவிட்டு ஓவியனாகிவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த ஆண்டின் கடைசியில் மெசினாவில் தங்கி, கடல்நீரை வலையால் அரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். அங்கே கிடைத்தவைதான் ரேடியோலாரியாக்கள். ஒற்றைக் கல உயிர்கள், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். ஆனால் சிலிக்காவால் ஆன கூடு இருக்கிறதே, அது கண்ணாடியில் பின்னிய வலைப்பந்து. சிலவற்றில் பந்துக்குள் பந்து, அதற்குள்ளும் இன்னொரு பந்து, எல்லாவற்றையும் ஊடுருவி வெளியே நீளும் முட்கள். ஒரு கண் நுணுக்குக்காட்டியிலும் மறு கண் காகிதத்திலுமாக வரைவார் என்று சொல்வார்கள். 1862இல் வந்த நூலில் 144 புதிய இனங்களை விவரித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கதை. சலஞ்சர் என்ற பிரித்தானிய ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களிலிருந்து அள்ளிவந்த மாதிரிகளில் ரேடியோலாரியாக்கள் அவர் கைக்கு வந்தன. 1887இல் அறிக்கை வெளியானபோது அதில் 3,508 புதிய இனங்களும் 140 படத்தகடுகளும் (முழுப்பக்க அச்சுப்படங்கள்) இருந்தன. 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இயற்கையின் கலை வடிவங்கள்’ தொகுப்பின் 100 தகடுகள்தான் இன்று எல்லோரும் சுவரில் மாட்டுபவை. அவருடைய கோட்டோவியங்களைக் கல் அச்சுக்குக் கொண்டுவந்த அடோல்ஃப் கில்ட்ஷ் என்பவரை யாரும் நினைப்பதில்லை. எங்கள் படத்தில் அவருக்கும் இடம் உண்டு. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கட்டடக் கலைஞர் ரெனே பினே அமைத்த நுழைவாயிலே ஒரு ரேடியோலாரியாவின் சாயல்தான்.

‘இயற்கையின் கலை வடிவங்கள்’ தொகுப்பின் எட்டாவது தகட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு ஜெலி மீன், கூந்தல் அவிழ்ந்ததுபோல் இழைகள் வளைந்து வளைந்து இறங்கும். அதற்கு அவர் வைத்த பெயர் டெஸ்மோனீமா அன்னசேத்தே. அன்னா சேத்தே அவருடைய முதல் மனைவி. 1864இல் ஹெக்கலின் முப்பதாவது பிறந்தநாளன்று இறந்துபோனார்.

சரி, இவ்வளவு அழகான படங்கள் இருக்கும்போது அவற்றையே திரையில் காட்டிவிட்டுப் போகலாமே, மெசினா எதற்கு என்று சங்கக் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஹெக்கல் 1919இல் இறந்தவர், காப்புரிமை முடிந்துவிட்டது, படங்களுக்குச் செலவே இல்லை. ஆனால் வரைவதுதான் அவருக்குப் பார்க்கும் முறை. துளைகளை எண்ணி, முட்களின் கோணத்தை வரைந்து வரைந்துதான் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தார். அதே கைதான் சமச்சீரில் ஆசைப்பட்டு இயற்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருத்தியும் வரைந்தது. எது கண்டது, எது அழகுக்காகச் சேர்த்தது என்று பார்ப்பவர்களே முடிவு செய்ய வேண்டுமென்றால், தகட்டுக்குப் பக்கத்தில் உயிருள்ள ரேடியோலாரியா அசைய வேண்டும். அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருக்க முடியாது, பிடித்த கொஞ்ச நேரத்திலேயே வாடத் தொடங்கிவிடும். கரையிலேயே கமரா பொருத்திய நுணுக்குக்காட்டியோடு காத்திருக்க வேண்டும். இதற்குத்தான் 7,400 யூரோ, மீதித் தொகையில் பெரிய பங்கு.

மெசினாப் பயணத்துக்கு 3,000. வெலிகமவுக்கு 3,600. 1881 நவம்பரில் கொழும்பில் இறங்கிய ஹெக்கல், வெலிகம ரெஸ்ட் ஹவுஸையே ஆய்வுகூடமாக்கிச் சில வாரங்கள் வேலை செய்தார், நீர்வர்ண ஓவியங்களும் தீட்டினார். நம்மவர் பார்க்கும் படத்தில் அந்தக் கரை இல்லாமல் எப்படி? எஞ்சிய 2,500 ஒலிப்பதிவுக்கும் இசைக்கும். குழுவில் யாரும் சம்பளம் வாங்கவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பெரிய தொகை தர முன்வந்த ஒருவர், “நல்லதை மட்டும் காட்டுங்கோவன்” என்றார். மறுத்துவிட்டோம். 1868இல் வந்த நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருக்களுக்கும் ஒரே அச்சுக்கட்டையை ஹெக்கல் பயன்படுத்தியதை பாசல் நகரப் பேராசிரியர் ருத்திமையர் அப்போதே பிடித்துவிட்டார். மனித இனங்களை மேல், கீழ் என்று அடுக்கிய ஹெக்கலின் எழுத்து பின்னாளில் யாருக்கு வாய்ப்பாக அமைந்தது என்பதை ஜேர்மனியில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அடுக்கில் நம்மைப்போன்றவர்கள் எந்தப் படியில் இருந்திருப்போம் என்றும் தெரியும். இவை படத்தில் இருக்கும். இதை விரும்பாதவர்கள் நன்கொடை தரவேண்டாம், வருத்தம் இல்லை.

அஞ்சு யூரோ தந்தாலும் ஐந்நூறு தந்தாலும் படத்தின் முடிவில் எல்லாப் பெயர்களும் ஒரே அளவில், அகர வரிசையில் வரும். பெயர் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இலவசமாகத் தருவோம், ஜேர்மன் துணைத்தலைப்போடு. தொகை முழுதாகச் சேராவிட்டால் வெலிகமவை விட்டுவிட்டு மெசினாவை மட்டும் எடுப்போம். அதற்கும் போதாவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே திரும்பி வரும்.

பணமாகத் தர முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹெக்கலின் கடிதங்கள் பழைய ஜேர்மன் கையெழுத்தில் உள்ளன, எங்களில் ஒருவருக்கும் அது வாசிக்க வராது. அதை வாசிக்கத் தெரிந்த வயதானவர் யாராவது உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் எங்களோடு பேசவையுங்கள்.

வங்கி விவரம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. அனுப்பும்போது நோக்கம் என்ற இடத்தில் ‘ஹெக்கல் ஆவணப்படம்’ என்று எழுத மறக்காதீர்கள். சங்கம் பொதுநல அமைப்பாக அங்கீகரிக்கப்பட்டது என்பதால் வரிக் கணக்கில் காட்டலாம்: 300 யூரோ வரை வங்கிக் கூற்றோடு நாங்கள் தரும் சிறு குறிப்பு போதும், அதற்கு மேல் என்றால் நன்கொடைச் சான்று அனுப்புவோம். காசாகத் தருபவர்கள் பற்றுச்சீட்டு வாங்காமல் போகவேண்டாம்.

ஆவணப்படக் குழுவினர்