மகன் ஓட்டினால் காப்பீடு யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி செல்லும் பிள்ளைகள் கார் பழகுவது பற்றிய கட்டுரை பயனுள்ளது. ஆனால் காப்பீட்டை ஒரே வரியில் கடந்துவிட்டது. நம் நாட்டில் தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான காப்பீடு) பிரீமியம் காரின் சிசியை, அதாவது இன்ஜின் கொள்ளளவை வைத்துத்தான். ஓட்டுபவரின் வயதை வைத்தல்ல. அதனால் வீட்டில் புதிதாக ஒருவர் ஸ்டீயரிங் பிடித்தாலும் பெற்றோர் பாலிசியைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

பெரிய ஓட்டை இருப்பது தனிநபர் விபத்துக் காப்பீட்டில். பாலிசியோடு வரும் 15 லட்சம், ஆர்.சி.யில் பெயருள்ள, லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே. அப்பாவின் காரை ஓட்டிப்போய்த் தடுப்புச்சுவரில் மோதி மகன் இறந்தால் அந்தப் பணம் வராது. தேர்டு பார்ட்டியிலும் கேட்க முடியாது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். 'பயணிகளுக்கான கூடுதல் கவரே போதும்' என்று ஏஜென்ட் சொன்னால், ஓட்டும்போதும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். (கார் அம்மா பெயரில் இருந்து, அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அந்த 15 லட்சம் அவருக்கும் இல்லை.)

எல்.எல்.ஆர். வைத்து ஓட்டும்போது கிளெய்ம் செல்லும். ஆனால் கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' பலகை வேண்டும். பைக் லைசென்ஸ் மட்டும் வைத்துக் காரை எடுத்தால் காரின் சேதத்துக்குப் பணம் வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கும்.

பதினெட்டுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு, ஆர்.சி. 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பழகும் காலத்தில் கீறலும் நசுங்கலும் சகஜம். எல்லாவற்றுக்கும் கிளெய்ம் போடாதீர்கள். 8,000 ரூபாய் பம்பர் என்றால், பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் போய், கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 போய், கைக்கு வருவது 3,000. ஓன் டேமேஜ் (நம் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 12,000ஆக இருந்து 50 சதவீத என்.சி.பி. (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) பெறுபவர், கிளெய்ம் போட்டால், அடுத்த ஆண்டு 6,000 தள்ளுபடியை இழப்பார்.

விபத்து நடந்தபின் 'நான்தான் ஓட்டினேன்' என்று அப்பா முன்வருவது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, சிசிடிவி, எஃப்.ஐ.ஆர். மூன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒப்பிடுவார். மகனிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் முறையாகக் கிடைத்திருக்கும் பணமும் அந்தப் பொய்யால் போய்விடும்.

– வாசகர், திருச்சி