மாத்திரை வீட்டுக்கு வந்துடுது, வயித்துக்குள்ள போகுதா?

அன்புள்ள செல்விக்கு,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, கோவமா இருப்பன்னு தெரியும். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், அப்புறம் பிசியோ, நடுவுல டெங்கு சீசன், கிளினிக்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் கூட்டம். இப்பதான் அம்மா வாக்கர் இல்லாம நாலு எட்டு வெக்கிறாங்க. செல்வி பொண்ணு தமிழ் பேசுதா, ரசம் சாப்பிடுதான்னு தினம் கேக்கறாங்க, ஒரு வீடியோ கால் போடுடி.

சின்ன ஊர்ல கிளினிக் நடத்தறவளுக்கு ரிசர்ச் எதுக்குடின்னு கேட்டிருந்த. நியாயமான கேள்விதான். நடந்தத சொல்றேன்.

போன வருஷம் சுகர் பேஷண்ட்ஸ் மாத்திரை ஒழுங்கா போடறாங்களான்னு பாக்க ஆசைப்பட்டு, வெளிநாட்டு கேள்வித்தாள் ஒண்ண தமிழ்ல மாத்தி பிரிண்ட் எடுத்தேன். 'கடந்த இரண்டு வாரங்களில் மாத்திரை எடுத்துக்கொள்ள மறந்ததுண்டா?' இப்படியே போகும். எல்லாரும் இல்லைங்க டாக்டர்னு டிக் அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க, ஆனா அதே ஆளுங்களுக்கு மூணு மாச சராசரி சுகர் பாத்தா பத்து, பதினொண்ணுன்னு எகிறி நிக்குது. பொய் சொல்றாங்களேன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் காய்ச்சல்னு கூப்பிட்டாங்கன்னு ஒரு ஆயா வீட்டுக்குப் போனேன். அரிசி டிரம் மேல ஒரு மஞ்சப் பை, உள்ள மாத்திரை அட்டைங்க. மெட்ஃபார்மின் அட்டை எல்லாம் காலி, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுன்னு நான் எழுதிக் குடுத்த இன்னொரு சுகர் மாத்திரை கிளிமிபிரைட் மட்டும் ஒண்ணு கூட உடைக்காம, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வெச்சிருக்கு. என்ன ஆயா இதுன்னேன். "அத போட்டா உடனே பசிக்குதும்மா, நான் ஏழு மணிக்கெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போறவ, பதினோரு மணிக்குத்தான் தூக்குச்சட்டிய தொறப்பேன், ஒரு நாள் ஏரிக்கரையிலயே மயங்கி உழுந்துட்டேன், அத்தோட வுட்டுட்டேன், உங்கிட்ட சொன்னா திட்டுவ"ன்னுச்சு.

செல்வி, எனக்கு அப்படியே உக்காந்துக்கணும் போல ஆயிடுச்சு. வயித்துல ஒண்ணும் இல்லாதப்ப அந்த மாத்திரைய போட்டுட்டு வெயில்ல மண்ணு வெட்டினா சுகர் இறங்காம என்ன செய்யும்? ஆயா செஞ்சதுதான் சரி, என் சீட்டுதான் தப்பு. அந்தம்மா காலையில எத்தன மணிக்கு சாப்பிடுதுன்னு நான் ஒரு தடவ கூட கேக்கல. படிவத்துலயும் அந்தக் கேள்வி இல்ல, ஏன்னா அத எழுதினவங்க ஊர்ல யாரும் ஏழு மணிக்கு வெறும் வயித்தோட ஏரி வேலைக்குப் போறதில்ல. மாத்திரைய மாத்திக் குடுத்தேன், இப்ப ஒழுங்கா போடுது.

அதுலேர்ந்துதான் கட்சிரோலி பத்தி திரும்பப் படிக்க ஆரம்பிச்சேன். அபய் பாங், ராணி பாங்னு டாக்டர் தம்பதி, ரெண்டு பேரும் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல படிச்சுட்டு மகாராஷ்டிராவுல அந்தக் காட்டு மாவட்டத்துக்கு வந்து 1986ல 'சர்ச்' (SEARCH)ங்கற அமைப்ப ஆரம்பிச்சாங்க இல்ல, மொதல்ல அவங்க எடுத்தது சிக்கிள் செல் நோய், ரத்தத்துல சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய். பழங்குடி மக்கள்கிட்ட அது இருக்குன்னு நிரூபிச்சும் காட்டினாங்க. ஆனா ஜனங்க இது எங்க கவலை இல்லைன்னுட்டாங்க. அவ்ளோ படிச்சவங்களுக்கே அப்படித்தான் நடந்திருக்கு. அப்புறம் ராணி மேடம் ரெண்டு கிராமத்துல 650 பொம்பளைங்கள பரிசோதிச்சாங்க, 1989ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, 92 சதவீதம் பேருக்கு கர்ப்பப்பை, வெள்ளப்படுதல் மாதிரி ஏதோ ஒரு தொந்தரவு, ஆனா அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டினது வெறும் 8 சதவீதம். எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர பொரட்டினாலும் இது கெடைக்காதுடி, வராதவங்க பேர எந்த ரிஜிஸ்டர்லயும் எழுத மாட்டாங்களே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க பண்ணின மணிச்சட்டம். நிமோனியாவான்னு பாக்க கொழந்தையோட மூச்ச எண்ணணும், ஊர் மருத்துவச்சிக்கு அம்பது அறுபது வரைக்கும் எண்ணத் தெரியாது. அதனால ஒரு நிமிஷ மணல் கடிகாரம், பக்கத்துல கம்பியில கோத்த மணிங்க. பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ளணும், மணல் தீர்றதுக்குள்ள செவப்பு மணி வரைக்கும் வந்துட்டா நிமோனியா. அவ்ளோதான்.

அப்புறம் 39 கிராமத்துல ஊர்ப் பொம்பளைங்களுக்கே சொல்லிக்குடுத்து பச்சக் கொழந்தைய வீட்லயே பாத்துக்க வெச்சாங்க, கிருமித் தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போடறது வரைக்கும். ஆயிரத்துக்கு 62 கொழந்தை மொத மாசத்துலயே போயிட்டிருந்த எடத்துல மூணாவது வருஷம் 25 சொச்சம் ஆச்சு, ஒப்பிட்டுப் பாத்த 47 கிராமத்துல அப்படியேதான் இருந்துச்சு. 1999ல எழுதினாங்க, 2011ல நாடு முழுக்க ஆஷா பணியாளர்ங்க வீடு வீடா போயி பச்சக் கொழந்தைய பாக்கற திட்டம் வந்துச்சு. பன்னெண்டு வருஷம். அந்த இடைவெளிய நெனச்சாதான் எனக்கு மனசு ஆறல.

நம்ம ஊர்லயும் 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிபி மாத்திரை வாசலுக்கே வந்துடுது, உண்மையிலயே பெரிய விஷயம், பஸ் காசு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். ஆனா வந்த மாத்திரை டிரம் மேல இருக்கா வயித்துக்குள்ள போகுதான்னு வீட்டுக்குள்ள உக்காந்து பேசறவங்களுக்குத்தான் தெரியும். அந்த வேலைய குடும்ப டாக்டர் செய்யலாம், செய்யணும். நீ இருக்கற வேல்ஸ்லயே டூடர் ஹார்ட்னு ஒரு குடும்ப டாக்டர் அப்படித்தானே பண்ணினாரு, சுரங்கக் கிராமத்துல ஒவ்வொருத்தருக்கா பிபி பாத்து, யாருக்கு வைத்தியம் ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் கம்மியா கெடைக்குதுன்னு 1971ல எழுதினாரு.

இப்ப அந்தப் படிவத்த தூக்கிப் போட்டுட்டு நோட்டு ஒண்ணு போட்டிருக்கேன். மொத கேள்வி, காலையில மொத சாப்பாடு எத்தன மணிக்கு, என்ன சாப்பிடுவீங்க. ரெண்டாவது, எந்த மாத்திரை பிடிக்கல, ஏன். பதில அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதறேன். டைரி மாதிரி இருக்குன்னு சொல்லாத, உனக்குப் புள்ளிவிவரம் நல்லா வரும், இத எப்படி ஒழுங்கா எண்றதுன்னு நீதான் சொல்லித் தரணும்.

பொங்கலுக்கு வர்றேன்னியே, டிக்கெட் போட்டாச்சா? ஆயாவ பாக்கக் கூட்டிட்டுப் போறேன், வேலை இருக்கற நாள்னா ஏரிக்கரைக்கே போயிடலாம், பதினோரு மணி வாக்குல.

அன்புடன்,
மீனா