அது செவர்லே இல்லை, ப்யூக்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய அமெரிக்கக் கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். பக்கவாட்டில் மரப்பலகை அடித்தாற்போல் இருக்கும் நீளமான வேகன் ஒன்றின் படத்தைப் போட்டு, கீழே 'செவர்லே கேப்ரிஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது செவர்லே இல்லை, ப்யூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட். 1991 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கம்பெனியின் செவர்லே, ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக் மூன்றும் ஏறக்குறைய ஒரே பாடியில் வேகன் விட்டன. நடுச் சீட்டுக்கு மேலே கூரையில் கண்ணாடி பதித்தது மற்ற இரண்டில்தான், செவர்லேக்குக் கிடையாது. உங்கள் படத்தில் அந்தக் கண்ணாடி பளிச்சென்று தெரிகிறது. பானெட் நுனியில் ப்யூக் சின்னமும் நிற்கிறது.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைப்பீர்கள். நான் நியூ ஜெர்சியில் ஒரு பான்டியாக், ப்யூக் டீலரிடம் 1986-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஆரம்பத்தில் லாட்டில், அதாவது விற்பனை வண்டிகளை நிறுத்தியிருக்கும் திடலில், வண்டி கழுவி, நகர்த்தி வைக்கும் வேலை; அப்புறம் பார்ட்ஸ் கவுண்டர். எங்கள் ஊரில் என் பாட்டி எந்தக் காரைப் பார்த்தாலும் 'பிளசர்' என்பாள். அந்தப் பிளசர் ஒன்றிலாவது முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேனா என்றால் இல்லை. அப்படிப்பட்டவன் கையில் வாரத்துக்கு இருபது புது வண்டிகளின் சாவிகள் வந்து போயின.

கட்டுரையாளர் ஏலத்தில் எது எவ்வளவுக்குப் போகிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் டீலர் கடையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் அந்தப் பட்டியல் அப்படியே மாறிவிடும். நாங்கள் எந்த வண்டியையும் வாங்கவில்லை. டெமோவாக ஓட்டினோம், அவ்வளவுதான்.

டெமோ என்றால் வாடிக்கையாளர் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கும் வண்டி என்று மட்டும்தான் இங்கே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க டீலர்களிடம் அதற்குமேலும் உண்டு. புது வண்டியில் டீலர் நம்பர் பிளேட்டை மாட்டி சேல்ஸ்மேன் வீட்டுக்கே எடுத்துப் போவார். மறுநாள் காலையில் அதே வண்டி ஷோரூம் வாசலில் நிற்கும். சில ஆயிரம் மைல் ஓடியதும் விலையைக் குறைத்து விற்றுவிடுவார்கள். விலைப்பட்டியல் ஸ்டிக்கர் அதுவரைக்கும் பக்கக் கண்ணாடியிலேயே இருக்கும். வாங்கியவர் கைக்கு வண்டி போகும்வரை அதை எடுக்கக் கூடாது என்று 1958-லேயே சட்டம் இருக்கிறது. அந்தக் காகிதம் மறைக்கிற மூலையை எட்டிப் பார்த்துப் பார்த்தே எங்கள் ஆட்களுக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று கேலி செய்வோம்.

இந்தச் சலுகைக்கும் 1984-ல் வரிச்சட்டம் ஒரு கடிவாளம் போட்டது. முழுநேர சேல்ஸ்மேன் ஓட்டினால் அதற்கு வருமான வரி இல்லை. வீட்டில் வேறு யாரும் ஓட்டக் கூடாது, விடுமுறைச் சுற்றுலாவுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். லாட்டில் வண்டி கழுவுகிறவனுக்கு அந்தச் சலுகையில் இடமே இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் 'டீலர் டிரேட்'தான். வாடிக்கையாளர் கேட்ட நிறம் நம்மிடம் இல்லையென்றால், அது இருக்கிற இன்னொரு டீலரிடம் நம் வண்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாற்றிக்கொண்டு வர வேண்டும். போகும்போது ஒரு கார், வரும்போது வேறொரு கார். இருபத்தைந்து வயதில் அதைவிட நல்ல உத்தியோகம் எனக்குத் தெரியாது.

என் முதல் டீலர் டிரேடை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பான்டியாக் ஃபியரோ, சிவப்பு நிறம், இரண்டே சீட், இஞ்சின் முதுகுக்குப் பின்னால். சாமர்வில் வரைக்கும் போக வேண்டும். எங்கள் டீலர் பிளேட்டுக்குப் பின்னால் காந்தம் இருக்கும். டிக்கியில் வைத்தால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும். ஃபியரோவில் வைத்தேன், விழுந்தது. காந்தம் செத்துவிட்டது என்று உள்ளே போய் வேறு பிளேட் எடுத்து வந்தேன். அதுவும் விழுந்தது. மூன்றாவதை எடுக்கப் போனபோதுதான் சர்வீஸில் இருந்தவர்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பது தெரிந்தது. ஃபியரோவின் வெளித்தகடு முழுக்கப் பிளாஸ்டிக். கடைசியில் பார்ட்ஸ் பெட்டி கட்டும் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு போனேன். சாமர்வில்லில் இறங்கிப் பார்த்தால் ஒரு முடிச்சில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் ப்யூக் கிராண்ட் நேஷனலுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். சரி, அந்த வண்டியை யாராலும் ஒதுக்கித் தள்ள முடியாது. கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. 3.8 லிட்டர் வி6, டர்போ. 1987 மாடலுக்கு 245 குதிரைத்திறன். செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட்டுக்கு அதே வருஷம் 240. ஒரு ப்யூக், கார்வெட்டை முந்துவதா என்று எங்கள் ஆட்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஸ்பீடோமீட்டரில் 85 மைலுக்கு மேல் எண்ணே இல்லை. முந்தைய காலத்து அரசு விதியின் மிச்சம் அது. முள் 85-ஐத் தாண்டி வெறும் கறுப்புக்குள் போய் நிற்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை என்றே எழுதிவைக்கிறேன்.

நியூ ஜெர்சியில் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1949-லிருந்து சட்டம். பங்க் ஆள்தான் போட வேண்டும். கிராண்ட் நேஷனலை எடுத்துக்கொண்டு போனால் பத்து டாலர் பெட்ரோலுக்குக் கால் மணி நேரம் ஆகும். பானெட்டைத் திற, இண்டர்கூலர் எங்கே இருக்கிறது, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் கேட்பார்கள். எங்கள் மேனேஜர் அந்தச் சாவியை மட்டும் பலகையில் மாட்டவே மாட்டார். சட்டைப் பையில் இருக்கும். அந்தக் காலத்து ஜிஎம் வண்டிக்கு இரண்டு சாவி, இஞ்சினுக்குச் சதுரத் தலை, கதவுக்கு வட்டத் தலை. சட்டை துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தே கிராண்ட் நேஷனல் லாட்டில் இருக்கிறதா, விற்றாயிற்றா என்று சொல்லிவிடுவோம்.

1986 ரிவியேராவைக் கட்டுரையில் விட்டுவிட்டது நியாயமில்லை. ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் திரையில் விரலால் தொட்டு இயக்குகிற கார் அது. பச்சை எழுத்து மின்னும் சின்ன டிவி போல டேஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும். குளிரைக் கொஞ்சம் குறைக்க ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று வாங்கவந்த பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வண்டியையும் அந்த வருஷம் மிகவும் சுருக்கிவிட்டார்கள். விற்பனை ஒரே வருஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இன்று எல்லாக் காரிலும் தொடுதிரைதான். அந்தப் பெரியவர்கள் சொன்ன குறை இன்னும் அப்படியே இருக்கிறது.

யூனியன் பக்கம் ரூட் 22 சாலையில் இரு பக்கமும் போதாமல் நடுத்திட்டிலும் கடை இருக்கும். பக்கத்துப் பக்கத்து டீலர்களிடம் வேலை பார்த்த நாங்கள் ஐந்தாறு பேர் இன்றும் மாதம் ஒருமுறை ஒரு டைனரில், அதாவது சாதாரணச் சாப்பாட்டுக் கடையில், காலைச் சாப்பாட்டுக்குக் கூடுகிறோம். ஃபோர்டுக்காரருக்கு 1989 டாரஸ் எஸ்எச்ஓ மேல் தீராத காதல். வெளியே பார்த்தால் குடும்பக் கார், உள்ளே யமஹா வி6, 220 குதிரைத்திறன். கியரைக் கையால் போட வேண்டும், ஆட்டோமேட்டிக்கே கிடையாது. கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்கள் வந்தால்தானே விற்கும்? ஆகவே நான்கு மாதம் அவரிடமே இருந்தது. கிரைஸ்லர்காரர் 1983 நியூயார்க்கர் பேசியதைப் பேசிக் காட்டுவார். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் இயந்திரக் குரலில் சொல்லும், சாத்தினால் நன்றி சொல்லும். கடையில் தனக்கு நன்றி சொன்ன ஒரே ஜீவன் அதுதான் என்பார்.

டெமோ விஷயத்தில் நல்ல வண்டி, கெட்ட வண்டி என்று பார்ப்பதில்லை. சீக்கிரம் விற்ற வண்டி நினைவில் நிற்பதில்லை. விற்காமல் கிடந்ததுதான் நம்முடையதாகிறது. ரோட்மாஸ்டர் வேகன் அப்படித்தான் எங்களுடையதாயிற்று.

18 அடி நீளம். மரம் மாதிரித் தெரிவதெல்லாம் ஸ்டிக்கர். 1994-லிருந்து கார்வெட் இஞ்சினின் தம்பி, 5.7 லிட்டர் வி8, 260 குதிரைத்திறன். எட்டுப் பேர் உட்காரலாம். கடைசிச் சீட்டில் இருப்பவர்கள் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பின்கதவைக் கீழே சாய்த்தும் திறக்கலாம், சாதாரணக் கதவு போலப் பக்கவாட்டிலும் திறக்கலாம். ஆனால் அதற்குள் பிள்ளைகுட்டிக்காரர்கள் மினிவேனுக்கும் எக்ஸ்ப்ளோரர் மாதிரி உயர வண்டிக்கும் மாறிவிட்டார்கள். 1996 முடிவில் டெக்சாஸின் ஆர்லிங்டன் ஆலையில் இந்த வண்டிகளை நிறுத்திவிட்டு அங்கேயும் உயர வண்டிதான் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில் பெரிய பனிப்புயல். நியூவர்க் பக்கம் இரண்டடிக்கு மேல் பனி. ரோடு திறந்த முதல் நாள் லாட்டைத் தோண்டி எடுத்து முடிக்கவே இருட்டிவிட்டது. பாதிப் பேர் வண்டி வீட்டில் புதைந்து கிடந்ததால் அடுத்தவருடன் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மேனேஜர் வேகன் சாவியை என்னிடம் தூக்கிப் போட்டு எல்லாரையும் இறக்கிவிட்டு வா என்றார். பின்சக்கரம் இழுக்கிற வண்டி, பனியில் வழுக்கும். ஆகவே பின்னால் இரண்டு மணல் மூட்டை, அதற்கு மேலும் கனம் வேண்டுமென்று பருமனான இரண்டு மெக்கானிக்குகளைக் கடைசிச் சீட்டில் உட்கார வைத்தோம். குழந்தைகளுக்காகச் செய்த சீட் அது. முழங்கால் தாடையைத் தொட, பின்னால் வருகிற கார்களுக்கெல்லாம் இருவரும் மணமேடைத் தம்பதி போலக் கையாட்டிக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஊரெல்லாம் சுற்றினேன்.

ஏப்ரலில் படகு இழுக்க வண்டி தேடி வந்த ஒருவர் அதை வாங்கினார். மறுநாளே திரும்பி வந்தார். என்ன கோளாறோ என்று பயந்தோம். கடைசிச் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று ஒரு ஒற்றைக் கையுறையைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். டிரான்ஸ்மிஷன் மெக்கானிக்குடையது. ஜோடியைப் பிப்ரவரியிலேயே தூக்கிப் போட்டுவிட்டாராம்.

அடுத்த இதழில் படத்தின் கீழே பெயரை மாற்றிப் போட்டால் டைனரில் காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
நியூ ஜெர்சி