580 என்று சொல்லும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நூலகத்தில் கீழடி பற்றிப் பேச நீ தயாரித்த ஸ்லைடுகளைப் பார்த்தேன். முதல் ஸ்லைடிலேயே 'கி.மு. 580' என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய். அதை நடுவுக்குத் தள்ளு.

முதலில் அகழாய்வுக் குழியின் பக்கச்சுவரைக் காட்டு. அளவுகோல் தெரிகிற படமாக இருக்கட்டும். மேல்மண்ணிலிருந்து மெல்ல இறங்கி 353 செ.மீ. ஆழத்தில் நிறுத்து. அங்கே எடுத்த மாதிரியைத்தான் மியாமி ஆய்வகத்தில் அளந்தார்கள். கி.மு. 580 என்ற அந்த முடிவைத்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அளந்தது கரிமத்தை (கார்பனை), பானை ஓட்டை அல்ல. எழுத்து கீறிய ஓட்டுக்கு அது கிடந்த மண்ணடுக்கை வைத்தே காலம் சொல்கிறோம். எலி வளையோ, பிற்காலத்தில் தோண்டிய குப்பைக்குழியோ அடுக்கைக் கலைத்திருந்தால் அந்த உறவு அறுந்துபோகும்.

உயிர் போன பிறகு மெல்லச் சிதைந்து குறையும் கார்பன் வகைதான் கார்பன்-14, அதன் மிச்சத்தை வைத்தே வயதைக் கணிக்கிறார்கள். அது பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள் ஆகும். 2600 ஆண்டுப் பழைய கரியில் நூற்றுக்கு 73 பங்கு இன்னும் மிச்சம் இருக்கும். வேர் நுழைந்து ஒரு சதவீதம் புதுக் கார்பன் கலந்தாலே வயது சுமார் 30 ஆண்டு குறைந்து தெரியும். அதனால்தான் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பலர் மேடையில் இதைச் சொல்வதே இல்லை. கார்பன்-14 அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற, மரவளையங்களை அளந்து வரைந்த திருத்தக் கோடு ஒன்று உண்டு. அது கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. கி.மு. 700-இல் வெட்டிய மரமும் 450-இல் வெட்டிய மரமும் கிட்டத்தட்ட ஒரே கார்பன்-14 அளவைக் காட்டும். 580 சரியாக அந்தத் தட்டைக்குள் விழுகிறது. ஆகவே ஒற்றை ஆண்டாகச் சொல்லாதே, இதிலிருந்து இதுவரை என்று வீச்சோடு சொல்.

கரி என்றால் இன்னொரு கேள்வியும் வரும். வைரம் பாய்ந்த மரத்தின் நடுப்பகுதி எரிந்திருந்தால், அடுப்பு மூட்டிய நாளைவிட வயது கூடுதலாக வரும். இங்கே பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலைக் காட்டு. அங்கே ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்தது. நெல் ஒரே பருவத்தில் விளைவது, மரத்துக்குள்ள பிழை அதற்கு இல்லை. தட்டைக் கோடு மட்டும் அதையும் விடாது.

"கீழடியைக் குறைத்துப் பேசுகிறாயா?" என்று யாராவது எழுந்து கேட்பார்கள். பதறாதே. கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல், பின்வரிசைக்கும் கேட்கட்டும். பிறகு அந்தப் பக்கச்சுவர்ப் படத்துக்கே திரும்பிப் போய், 353-இலிருந்து மறுபடி தொடங்கு.

அன்புடன்,
அப்பா