ஒரு கேபிள் தொய்ந்தால் கியர்பாக்ஸே போய்விடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில், மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான டிஎச்350-ஐக் கழற்றிவிட்டு, ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் நான்காவது கியர்) உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸைப் பொருத்தினால் எஞ்சின் அலறாது என்று இருந்தது. சரிதான். ஆனால் அந்த மாற்றத்தில் கியர்பாக்ஸைக் காவு வாங்கும் டிவி கேபிளை (த்ராட்டில் வால்வ் கேபிள்) பற்றி ஒரு வரிகூட இல்லை.

டிஎச்350-இல் கார்புரேட்டரிலிருந்து இறங்கும் கேபிளுக்கு ஒரே வேலைதான்: ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கியரைக் குறைப்பது. அது அறுந்தாலும் வண்டி ஓடும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை, எஞ்சினின் வேக்குவத்தை (வெற்றிட இழுப்பை) வைத்து அறியும் வேக்குவம் மாடுலேட்டர் பார்த்துக்கொள்ளும். 700ஆர்4-இல் மாடுலேட்டரே கிடையாது. உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை டிவி கேபிள்தான் சொல்கிறது. பார்வைக்கு இரண்டு கேபிளும் ஒன்றுபோல இருப்பதுதான் வினை. கேபிள் தொய்ந்திருந்தால் கியர் சீக்கிரமாக, மெத்தென்று மாறும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாகவே இருக்கும். உள்ளே மூன்றாம், நான்காம் கியர்களுக்கான கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும்.

கார்புரேட்டர் முழுதாகத் திறந்திருக்கும்போது கேபிள் கடைசிவரை இழுபட்டிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. இடையில் இழுபடும் அளவும் பொருந்த வேண்டும். ஹோலி, எடெல்பிராக் கம்பெனிக் கார்புரேட்டர்களின் லிவர் அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டதல்ல. அதற்கென்றே தனி பிராக்கெட் விற்கிறார்கள். அதை வாங்காமல் கம்பியை வளைத்து ஒப்பேற்றக் கூடாது. பிறகு கியர்பாக்ஸில் பிரஷர் கேஜை மாட்டி, கேபிளை இழுக்க இழுக்க முள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டே சாலையில் இறக்க வேண்டும்.

நீளத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. 700ஆர்4 சுமார் 3 அங்குலம் கூடுதல் நீளம். பின் அச்சுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும் பின்னால் போகும். ஓவர்டிரைவ் உள்ள இன்னொரு கியர்பாக்ஸான 200-4ஆர் என்றால், பின்பகுதி குட்டையான டிஎச்350-இன் நீளமேதான், ஷாஃப்டைத் தொட வேண்டாம், கிராஸ்மெம்பரை நகர்த்தினால் போதும். அதிலும் டிவி கேபிள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் பின் அச்சின் விகிதத்தைப் பாருங்கள். 26 அங்குல டயர், 3.73 அச்சு என்றால் 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடும் எஞ்சின், 0.70 ஓவர்டிரைவில் ஏறக்குறைய 2,000-க்கு இறங்கும். லாபம்தான். அச்சு 2.73 என்றால் 1,500-க்கும் கீழே போய் எஞ்சின் திணறும், செலவு தண்டம்.

பொருத்தும்போது, எஞ்சின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் ஆயில் பம்புக்குள் முழுதாக உட்கார வேண்டும். கியர்பாக்ஸின் முன்பகுதியான பெல்ஹவுசிங்கை எஞ்சினோடு முடுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். எஞ்சினோடு சுழலும் தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லையென்றால் போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள், பம்ப் உடையும். திரும்பக் கழற்றுவதே வழி.

இன்னொன்று. வெளியே ஒழுக்கே இல்லாமல் கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றதும் டிஎச்350-ஐயே தூக்கி எறிகிறவர்கள் உண்டு. மாடுலேட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்து, கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது என்று பொருள். ஒரே ஒரு போல்ட், ஒரு கிளாம்ப். கியர்பாக்ஸை இறக்காமலே மாடுலேட்டரை மாற்றிவிடலாம்.

- ஒரு வாசகர்