அந்தச் செய்தியை என் மகளால் படிக்க முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கு செல்போன் கொடுத்த செய்தியைச் சென்ற ஞாயிறு வெளியிட்டிருந்தீர்கள். போனே வாசித்துக் காட்டுவதால் இனி அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் குறையில்லை என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கிப்போய் சேலத்தில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டப் போனில் டாக்பேக், கணினியில் என்.வி.டி.ஏ. என்ற செயலிகள்; இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டும் தமிழ் வாசிக்கும். நமக்கு ஒரு வார்த்தை பிடிபடாத வேகத்தில் வைத்து அவள் கேட்பாள். கருவி மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்கு வாசிக்கக் கொடுப்பதுதான் சரியில்லை. கல்லூரியில் தந்த பாடக்குறிப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக வாசிக்கவிட்டால் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்கிறது. தமிழ் படிக்கப் போன பிள்ளை அதைக் கேட்டு அழுதாள். தமிழ் எழுத்தைக் கணினிக்குள்ளும் தமிழாகவே வைக்கிற யூனிகோடைப் பயன்படுத்தச் சொல்லி தமிழக அரசு 2010லேயே ஆணை போட்டது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்னொரு பாடம், புத்தகத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்த பிடிஎப். அதில் போனுக்கு வாசிக்க எழுத்தே இல்லை. கேட்டதற்கு, வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல் என்றார்கள். எஸ்டேட் வேலை முடிந்து வந்து நான்தான் வாசிக்கிறேன். பத்தாவதோடு நின்றவள், சங்கப் பாட்டை எந்த இடத்தில் பிரிப்பேன்?

இது இன்று தொடங்கியதும் இல்லை. பத்தாம் வகுப்பில் பிரெய்லி புத்தகம் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வந்தது. அதற்கான ஒரே ஒரு கையெழுத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் நான்கு தடவை இறங்கி ஏறினோம், வேலைக் கூலியும் போயிற்று. 18 வயது வரை புத்தகமும் கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அவளுக்கு இப்போது பத்தொன்பது. போன பருவத் தேர்வில் சொல்வதை எழுத வந்த பிள்ளைக்கு ழகர, ளகரம் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துச் சொல்லிச் சொல்லியே, மணிக்கு இருபது நிமிடம் தந்த கூடுதல் நேரமும் கரைந்துவிட்டது. கணினியில் தானே அடித்துக்கொடுக்க அவளுக்குத் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தச் செய்தி உங்கள் இணையப் பதிப்பில் படமாக இருக்கிறது. அவள் விரலை வைத்தால் போன் 'படம்' என்று மட்டும் சொல்கிறது. அவளைப் போன்றவர்களுக்காக எழுதியதை அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன். தயவுசெய்து இனிமேல் செய்திகளை எழுத்தாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு.