வடிகால் கட்டியாயிற்று, தூர்வார யார் பணம் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைநீர் வடிகாலுக்குத் தனிக் கட்டணம் என்ற பேச்சு அடிபட்டதும், "வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கும் வரியா?" என்று ஒரு வாசகர் உங்கள் பக்கத்தில் கேட்டிருந்தார். முப்பத்தோரு வருடம் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். அவருக்குக் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

வடிகால் கட்டப் பணம் கிடைக்காமல் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வெள்ளம் வந்து போனால் போதும். மானியம் வரும், கடன் வரும், திறப்பு விழாக் கல்வெட்டும் வரும். தூர்வாரத்தான் பணம் இருக்காது. பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு தலைப்பு உண்டு, தொகையும் உண்டு. நடுவில் சாலைப் பணிக்குப் பற்றாக்குறை வந்தால் முதலில் கை வைப்பது அந்தத் தலைப்பில்தான். சாலைப் பள்ளம் எல்லார் கண்ணிலும் படும். வடிகாலுக்குள் கிடக்கிற மண் மழை வரும்வரை யாருக்கும் தெரியாது. "இந்த வருடம் மழை குறைவு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறிப்பெழுதித் தொகையை மாற்றிய கோப்புகளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அப்படி இரண்டு வருடம் விட்டுவிட்ட ஒரு குழாயை மூன்றாம் வருடம் திறந்தபோது பில் சரிபார்க்க நானும் போயிருந்தேன். 90 செ.மீ. விட்டமுள்ள குழாய். தொழிலாளி ஒருவர் மேலே நின்றபடியே, அளவு குறித்த மூங்கில் கழியை மேன்ஹோலில் விட்டு அழுத்தி எடுத்தார். அடியிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குக் கழியில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்த அந்தக் குழாய்க்காக வாங்கிய கடனுக்கு மட்டும் தவணை ஒரு மாதம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

சரி, தூர்வாரும் பணத்தை யாரிடம் வாங்குவது? சொத்து வரியில் ஏற்றலாம் என்பார்கள். அது கட்டடத்தின் மதிப்பைப் பார்க்கிறது, எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. குடிநீர் பில்லில் சேர்க்கலாம் என்றால் அது இன்னும் அநியாயம். முழுக்க கான்கிரீட் போட்ட வாகன நிறுத்துமிடத்தில் ஒரு குழாய்கூட இருக்காது, அதனால் பில்லும் வராது. மழை பெய்தால் அதிகத் தண்ணீரை அனுப்புவது அந்த இடம்தான்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டது. முன்பு தண்ணீர் மீட்டர் எவ்வளவு பெரியது என்பதை வைத்தே மழைநீர்க் கட்டணமும் போட்டார்கள். 2010 முதல், வீடுகள் அல்லாத இடங்களுக்கு மனையின் பரப்பையும் அதில் தண்ணீர் இறங்காத பரப்பையும் கணக்கிட்டுப் போடுகிறார்கள். திடீரென்று பில் எகிறினால் சண்டைதான் வரும் என்று நான்கு வருடத்தில் படிப்படியாக மாற்றினார்கள். பெர்லினிலும் 2000 முதல் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், வடிகாலில் சேரும் கூரைக்கும் தரைக்கும் சதுர மீட்டர் கணக்கில் இன்னொரு கட்டணம்.

இந்தக் கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர். என் வீட்டை டேப் வைத்து அளந்தேன். கூரை 90 சதுர மீட்டர், சிமென்ட் முற்றம் 60. ஐந்து செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 7,500 லிட்டரை நான் தெருவுக்கு அனுப்புகிறேன். இதை ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், 6,000 சதுர மீட்டருக்குக் கூரையும் கான்கிரீட்டும் உள்ள ஒரு கிடங்கு 40 யூனிட். என்னைப் போல நாற்பது மடங்கு கட்டட்டும். மழைக்கு யாரும் வரி கேட்கவில்லை ஐயா, மண்ணை மூடி வைத்திருப்பதற்குத்தான் கேட்கிறார்கள்.

அந்த வாசகர் கேட்ட கேள்வி அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலும் எழுந்தது. 2012-இல் பத்து உள்ளாட்சிகள் இந்தக் கட்டணத்தைக் கட்டாயம் வசூலிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் 'மழை வரி' என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 2015-இல் கட்டாயத்தை நீக்க வேண்டியதாயிற்று. பெயர் வைக்கும் வேலையை எதிராளியிடம் விட்டால் இதுதான் நடக்கும்.

விலக்கு கேட்பவர்கள் வரிசையில் வருவார்கள், அதுவும் எனக்குப் பழக்கம்தான். அரசு அலுவலகங்கள் முதலில் வரும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2010-இல் அந்நாட்டு மத்திய அரசு அலுவலகங்களே, "இது உள்ளூர் வரி, எங்களுக்குப் பொருந்தாது" என்று மறுத்தன. 2011 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தித்தான் அவர்களையும் கட்ட வைத்தார்கள். சொத்து வரி விலக்கு பெற்ற கட்டடத்தின் கூரைத் தண்ணீரும் அதே வடிகாலில்தான் விழுகிறது.

தள்ளுபடி கொடுக்கலாம். முற்றத்துச் சிமென்ட்டைப் பெயர்த்து மண்ணாக்கியவருக்கும், மழைநீரைத் தொட்டியிலோ குழியிலோ தேக்குபவருக்கும் குறையட்டும். ஆனால் ஒரு வரம்பு வேண்டும். தெருத் தண்ணீரும் அந்த வடிகாலில்தான் ஓடுகிறது, அதைத் தூர்வாரும் செலவு என் வீட்டுத் தொட்டியால் குறைந்துவிடாது. தேக்கக் குழி இப்போதும் வேலை செய்கிறதா என்று போய்ப் பார்க்க ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் குழி இடிந்து மூடிய பிறகும் தள்ளுபடி ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக நான் நினைப்பது தனிக் கணக்கு. அமெரிக்காவின் பெல்வியூ நகரம் 1974-லேயே குடிநீர் வாரியம் மாதிரி மழைநீருக்கும் தனி அமைப்பு வைத்தது. அந்தக் கணக்கிலிருந்து தூர்வாரும் செலவு முதலில் போக வேண்டும், கடன் தவணையும் குழாய் மாற்ற ஒதுக்கும் தொகையும் அப்புறம். வேறு தலைப்புக்கு மாற்றக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். என்னைப் போல ஒருவர் அங்கே உட்கார்ந்து குறிப்பெழுத வழி இருக்கக் கூடாது.

கட்டணம் வந்தால் என் ஒரு யூனிட்டுக்கு முதல் நாளே கட்டிவிடுகிறேன். பில்லின் பின்பக்கம் இரண்டு எண்கள் அச்சடித்துத் தரட்டும்: சென்ற வருடம் எத்தனை மீட்டர் தூர்வாரினார்கள், எங்கள் தெரு மேன்ஹோலில் விட்ட கழியில் எத்தனை செ.மீ. சேறு ஒட்டியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர் ஒருவர்